ஒரு கோடை இருந்து பார்த்த பிறகு

வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட வேண்டும் என்கிற எண்ணம் பலருக்கும் தை மாதத்தில்தான் வலுக்கிறது. பொங்கலுக்குப் போன இடத்தில் ஏரி நிறைந்திருக்கும். கிணற்றில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். வரப்புப் புல்லில் பனி காயாமல் கிடக்கும். நாலு நாள் கழித்துச் சென்னைக்குத் திரும்பும்போது, பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் நகராமல் நிற்கும் நேரத்தில், காருக்குள்ளேயே தீர்மானம் ஆகிவிடுகிறது: இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் போதும்.

அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தையில் ஊருக்குப் போகிறவர் பார்ப்பது, அந்த மழை முடிந்த கையோடு இருக்கும் கிராமத்தை. அதே ஊர் அக்னி நட்சத்திரத்தில் வேறு ஊர். ஏரிக்குள் ஆடு மேயும். போரில் தண்ணீரோடு காற்றும் வரும். மதியம் பன்னிரண்டுக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது.

அதனால் இந்த அத்தியாயம் ஒரே ஒரு காரியத்தை வற்புறுத்துகிறது. நிலம் வாங்குவதற்கு முன், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன், போக நினைக்கும் ஊரில் ஒரு முழுக் கோடையை வாடகை வீட்டில் கழிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சம்பளமில்லா விடுப்பாவது எடுக்கலாம். பங்குனியில் போய் ஆடி பிறக்கும் வரை இருந்தால், அந்த ஊர் தன்னிடம் உள்ளதையும் இல்லாததையும் தானே சொல்லிவிடும்.

இந்த வழியில் முன்னால் போனவர்களின் வாழ்க்கையைப் படித்தாலும் இதே பாடம் கிடைக்கிறது. இயற்கை வேளாண்மை என்றதும் பலரும் சொல்லும் பெயர் ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா. யோகோஹாமா துறைமுகத்தில், சுங்கத்துறையின் தாவரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வயதில் உடம்புக்கு முடியாமல் போய், மனமும் மாறி, வேலையை விட்டுவிட்டு ஷிகோகு தீவிலிருந்த சொந்த ஊருக்குத் திரும்பினார். அப்பா தன் ஆரஞ்சுத் தோட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, கவாத்து செய்யாமல் மரங்களை அப்படியே விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பூச்சி இறங்கியது. மரங்கள் பட்டுப்போயின. பல வருடம் வெட்டி வளர்த்த மரத்தைத் திடீரெனக் கைகழுவிவிட்டால் அது கைவிடுவதுதான், இயற்கை வேளாண்மை ஆகாது என்பதை அவர் தன் அப்பாவின் மரங்களைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததைப் பலர் சொல்வதில்லை. மறுபடியும் சம்பளத்துக்குப் போனார். கோச்சி மாகாணத்தின் வேளாண் ஆய்வு நிலையத்தில் எட்டு வருடம் போல வேலை பார்த்துக்கொண்டே தன் யோசனைகளைச் சரிபார்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் நிரந்தரமாக ஊருக்குத் திரும்பினார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று தமிழில் அறியப்படும் அவருடைய நூல் ஜப்பானிய மொழியில் வந்தது 1975இல். முதல் முறை ஊருக்குப் போனதற்கும் அந்த நூலுக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் இருக்கிறது. ஊருக்குப் போய் ஒரு வருடத்தில் மறுபடி நகரத்து வேலைக்குத் திரும்ப நேர்ந்தவர்கள், அதை அவமானமாக நினைக்கத் தேவையே இல்லை.

நம் ஊரில் நம்மாழ்வார். 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசுப் பணியிலிருந்தார். மழையை மட்டுமே நம்பியிருக்கும் கரிசல் விவசாயிக்கு அங்கே நடக்கும் ஆராய்ச்சி உதவவில்லை என்று கண்டு 1969இல் வேலையை விட்டார். விட்டதும் தோட்டம் போட்டு உட்கார்ந்துவிடவில்லை. களக்காடு பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு பத்தாண்டுக் காலம் விவசாயிகளுக்கு நடுவே வேலை செய்தார். கரூர் மாவட்டத்தில் அவர் உருவாக்கிய 'வானகம்' பண்ணை அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. 2013 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அங்கே பயிற்சிகள் நடக்கின்றன. ஊருக்குப் போக விரும்புகிறவர் அங்கே சில நாள் தங்கி மண்ணில் கை வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சிகள் உண்டு.

ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். 2019இல் அவர் தென்காசி அருகே மத்தளம்பாறைக்குக் குடிவந்தது உண்மைதான். அதற்கு எட்டு வருடம் முன்பே, 2011இல், அந்த நிறுவனம் தென்காசியில் அலுவலகம் திறந்துவிட்டது. அவர் வேலையை விட்டு வரவில்லை, வேலையைக் கூடவே கொண்டுவந்தார். அந்த வசதி இருப்பவர்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது சம்பளம் தரும் வேலையைப் பிடித்து வைத்துக்கொள்வதே மேல். ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்த்தால் போதும்.

நெல்லை எடுத்துக்கொள்வோம். 2024–25 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்னரக நெல்லுக்கு, மாநில ஊக்கத்தொகை சேர்த்து, குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் எடுத்தால் 58,800 ரூபாய். உழவு, விதை, நடவு, களை, உரம், அறுவடை எந்திர வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் போனால் அதில் பாதி கையில் நின்றாலே நல்ல வெள்ளாமை என்பார்கள். ஐந்து ஏக்கரில் நாலைந்து மாத உழைப்புக்கு ஒன்றரை லட்சத்துக்குள். நகரத்தில் ஒரு மாதச் சம்பளமாக அதை வாங்கியவருக்கு இந்த எண் முதலில் வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும். தீர்மானத்துக்கு முன்னால் கலங்குவது நல்லது.

தென்னைக்குப் போனாலும் அவசரம் பலிக்காது. இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 கன்று வைக்கலாம். நெட்டை ரகம் பாளை தள்ள ஆறேழு வருடம், குட்டை ரகம் மூன்று நான்கு வருடம் ஆகும். இடையில் வருமானம் வேண்டும் என்றால் முருங்கையோ காய்கறியோ ஊடே போட வேண்டும். ஒரே பயிரை மட்டும் நம்புவதன் ஆபத்தை டெல்டாக்காரர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அங்கே மரம் என்பது பிள்ளையின் படிப்புச் செலவு, பெண்ணின் கல்யாணச் செலவு. அந்தத் தோப்புகளின் வழியே அடுத்த நாள் நடந்தவர்களுக்கு வாய்விட்டுப் பேச வரவில்லை.

ஆகவே கையில் இருக்க வேண்டியது குறைந்தது மூன்று வருடக் குடும்பச் செலவு. மாதம் 30,000 ரூபாயில் குடும்பம் நடக்கும் என்றால் 10,80,000 ரூபாய். நிலத்துக்கும் கிணற்றுக்கும் வேலிக்கும் இதைத் தொடக் கூடாது. வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அதை அடைத்த பிறகே மற்ற பேச்சு. வேலையை விடும் தேதியை மேலாளரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் சேவைக் காலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பணிக்கொடைக்கு நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் வேண்டும். வருங்கால வைப்பு நிதியை வரிப் பிடித்தம் இல்லாமல் எடுக்கவும் தொடர்ச்சியாக ஐந்து வருடம் வேண்டும். 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருடப் பங்களிப்பு வேண்டும். சில மாதப் பொறுமையின்மையால் இவற்றை இழப்பது வீண்.

மருத்துவக் காப்பீடு இதைவிட முக்கியம். நிறுவனம் கொடுத்த காப்பீடு வேலையோடு போய்விடும். புதிதாகத் தனிப் பாலிசி எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே ஊருக்குப் போகும் ஆசை வந்த வருடமே தனிப் பாலிசி எடுத்துவிட்டால், போகும் நேரத்தில் அந்தக் காலம் ஓடி முடிந்திருக்கும்.

இனி நிலம். அதிலும் முதலில் தண்ணீர்.

விற்கிற நிலத்தைக் காட்ட வருகிறவர் கிணற்றடிக்குத்தான் முதலில் கூட்டிப்போவார். அங்கே தண்ணீர் நிற்கும். 'கோடையிலயும் வத்தாதுங்க, நல்ல ஊத்து' என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு நாள் மோட்டார் ஓட்டாமல் வைத்திருந்தால் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் தெரியும். சித்திரையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போய், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, எத்தனை அடி தண்ணீர் என்று அளந்துகொள்ள வேண்டும். பிறகு மோட்டாரைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார வேண்டும். முதல் அரைமணி நேரம் குழாய் நிறையக் கொட்டும். பிறகு ஓசை மாறும். சீராகக் கொட்டிய தண்ணீர் விட்டுவிட்டு வரும், குழாயின் வாய் இருமுவது போல இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரியும். அதன் இடுக்கில் எந்தப் பக்கத்திலிருந்து ஊற்று கசிகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். மோட்டாரை நிறுத்திவிட்டு மறுநாள் அதே ஆறு மணிக்கு மறுபடி கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க எத்தனை அடி ஊறியதோ, அதுதான் அந்த நிலத்தின் உண்மையான சொத்து. எத்தனை ஏக்கர் பத்திரத்தில் இருந்தாலும், பயிர் வைக்கக்கூடிய பரப்பு அந்த ஊற்றின் அளவுதான்.

கிணற்றுச் சுவரில் பாசியும் உப்பும் கோடு கோடாகப் படிந்திருக்கும். மேல் கோடு மழைக்கால மட்டம், கீழ்க் கோடுகள் கோடை இறக்கம். பக்கத்துத் தோட்டத் தென்னைகளின் மட்டைகள் தொங்கி, கொண்டை சிறுத்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. போர் எத்தனை அடியில் போயிருக்கிறது என்பதை உரிமையாளரிடம் கேட்பதோடு, அந்த வட்டாரத்தில் போர் போடும் ரிக் வண்டிக்காரர்களிடமும் கேட்கலாம். திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத ஊர் இல்லை. எந்தத் திசையில் எத்தனை அடிக்குப் புகை மட்டும் வந்தது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

கூடவே கேட்க வேண்டியது, கிணறு முழுக்க இந்த நிலத்துக்குத்தானா என்பது. பாகம் பிரிந்த குடும்பங்களில் நிலம் நான்காகப் பிரிந்திருக்கும், கிணறு ஒன்றாகவே இருக்கும். பத்திரத்தில் 'கிணற்றில் நாலில் ஒரு பாகம்' என்று ஒரு வரி வரும். அப்படியென்றால் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் முறை. இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதும் அதே போல. பல இடங்களில் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு என்றாலும், புதிய இணைப்புக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். இருக்கும் இணைப்பைப் பெயர் மாற்றித் தருவதாக விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் தர வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதைப் பெறவும் நிலமும் பட்டாவும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். ஆனாலும் வாங்குகிறவரே சில பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம், அடங்கல் ஆகியவை அவை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்குதாரர்களின் கையெழுத்து இல்லாமல் கை வைக்கக் கூடாது. பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம் மூன்றும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒதுக்கப்பட்டது. அதை வெளியார் வாங்குவது சட்டப்படி செல்லாது. அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயமும் அதுவே. வெளிநாட்டில் இருந்துகொண்டே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை.

அளவுகளிலும் ஏமாறுவது உண்டு. ஏக்கருக்கு 100 சென்ட், சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. தஞ்சைப் பக்கம் போனால் மா, வேலி என்பார்கள். ஒரு மா சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடந்து பார்க்க வேண்டும். வண்டி போகிற பாதை பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்துக் காட்டுக்காரரின் தயவில் இருக்கிறதா என்பது அந்த நடையில் தெரிந்துவிடும். பதிவுச் செலவு முத்திரைத் தீர்வையும் கட்டணமுமாகச் சேர்ந்து 9 சதவீதம் அளவுக்கு வரும். அதையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

நிலம் தம்பதியில் யார் பெயரில் என்கிற கேள்வியை இந்த இடத்திலேயே பேசிவிடுவது நல்லது. இரண்டு பேரும் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் நிலம் கணவர் பெயரில் மட்டும் பதிவாவது இன்னும் வழக்கமாகவே இருக்கிறது. ஊருக்குப் போவதில் பெண்ணுக்குத்தான் அதிகம் மாறுகிறது. நேற்றுவரை குழுத் தலைவராக இருந்தவர், இங்கே 'அவர் வீட்டம்மா' ஆகிறார். வேலையாட்களுக்குக் காபியும் சாப்பாடும் யார் செய்வது என்ற கேள்வி கேட்கப்படாமலே அவர் மேல் விழுகிறது. பட்டாவில் அவர் பெயர் இருந்தால், வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவர் உட்கார்ந்து பேசுவார். அந்த நாற்காலி சின்ன விஷயம் இல்லை.

கோடையில் வாடகைக்கு இருக்கும்போது அரை ஏக்கர் குத்தகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். எழுதிக் கொடுக்க நில உரிமையாளர்கள் தயங்குவார்கள். 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பயிர் செய்கிறவரை எளிதில் எழுப்ப முடியாது என்ற பயம் அவர்களுக்கு. பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் முடியும். அந்தப் பேச்சை நம்பித் தருகிறாரா, யார் சொல்லி நம்புகிறார் என்பதிலேயே ஊர் எப்படி இயங்குகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

வந்த இரண்டாம் நாளே டீக்கடையில் 'எந்த ஊருங்க, யாரு வகையறா' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வாடகை வீடு எந்தத் தெருவில் கிடைக்கிறது, யார் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள், வேலைக்கு வருகிறவருக்கு எந்த டம்ளரில் டீ கொடுக்கப்படுகிறது என்பதையெல்லாம் கோடைக்குள்ளேயே பார்த்துவிட முடியும். அமைதி தேடி வந்தவர் அந்த அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். தன் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம், ஒரே பந்தி என்பதை முதல் நாளே வைத்துவிட வேண்டும். பிறகு மாற்றுவது கடினம்.

ஊரோடு ஒட்டுவதற்கு வழிகள் எளியவை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டால் கொடுத்துவிடலாம். நல்லதுக்குக் கூப்பிட்டால் போனால் போதும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும். சாவு வீட்டில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை ஊர் மறப்பதில்லை. கூலியைச் சனிக்கிழமை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை, அவர்களுக்கு அது நிழலில் கிடைக்கும் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னமே சொல்லி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் படிப்பு பெரிய கவலையாகச் சொல்லப்படுகிறது. பக்கத்து ஊர்த் தனியார் பள்ளிப் பேருந்துக்கு விண்ணப்பிக்கும் முன், உள்ளூர் அரசுப் பள்ளியில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அடுத்த ஆண்டு அது விரிந்தது. வயதான பெற்றோர் கூட வருவதாக இருந்தால், வண்டியில் எத்தனை நிமிடத்தில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே இரவில் மருத்துவர் இருக்கிறாரா, பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்டு, அந்த வழியை ஒருமுறை ராத்திரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் போகத்தான் தோன்றினால், போகலாம். பத்திரம் பதிந்து, பட்டா பெயர் மாறி, அதற்குப் பிறகு கடிதம் கொடுத்தால், பல நிறுவனங்களில் வழக்கமாக உள்ள 90 நாள் முன்னறிவிப்புக் காலம் ஆடிக்கு முன்னால் முடியும்படி கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஆடியில் விற்கும் பயிரை விதைக்க வேண்டாம். பலதானிய விதைப்பு போதும். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், சணப்பு, தக்கைப்பூண்டு, கொத்தமல்லி என்று கிடைப்பதையெல்லாம் கலந்து, மழைக்கு முன்னால் உழுத புழுதியில் வீசி விதைக்க வேண்டும். ஐம்பது அறுபது நாளில் இடுப்பளவு வளர்ந்து பூ விடும். அப்போது டிராக்டர் விட்டு மடக்கி உழுதுவிட வேண்டும். பச்சையை உழுவதைப் பார்க்கப் புதிதாக வந்தவருக்கு மனசு வராது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் வந்து நிற்பார், 'என்னங்க, பூத்ததையெல்லாம் ஓட்டுறீங்க' என்பார். அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து உட்காரச் சொல்லி, இந்த மண்ணில் அவருடைய அப்பா என்னென்ன வைத்தார் என்று கேட்கத் தொடங்கலாம்.